குளிருக்கு லூஸான குரோஷே ஜாக்கெட்: கனமும் விறைப்பும் இல்லாமல் போடுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக் கொள்கிறேன். ஊட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போன வருடம் ஒரு ஜாக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் உல்லன், 4 மி.மீ. கொக்கி, முழுக்க சிங்கிள் குரோஷே (குட்டையான, நெருக்கமான அடிப்படைக் கண்ணி). அது அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது, 950 கிராம் கனக்கிறது, கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது, புடவை மேல் போட்டால் முன்பக்கம் சேரவில்லை. இந்த முறை எவ்வளவு உல்லன் வாங்க வேண்டும், எந்தப் பின்னல், எத்தனை கண்ணி, பழையதைப் பிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கதகதப்பாகவும் இருக்க வேண்டும், தளர்வாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வருமா? வரும். நெருக்கிப் போட்டால்தான் குளிர் தாங்கும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

நம்மைச் சூடாக வைப்பது நூலின் கனமில்லை, நூலுக்குள்ளும் கண்ணிகளுக்கு நடுவிலும் அசையாமல் நிற்கும் காற்று. சிங்கிள் குரோஷேவைச் சின்னக் கொக்கியில் இறுக்கிப் போட்டால் அந்தக் காற்றுக்கு இடமே இருக்காது. நூல்தான் அதிகம் செலவாகும், கனம் ஏறும், துணி மடியாது. இன்னொன்று, நம் பக்கம் குரோஷே கற்றவர்களில் பலர் வெள்ளைப் பருத்தி நூலில் மேசை விரிப்பும் தலையணை உறை ஓரமும் போட்டுப் பழகியவர்கள். லேஸுக்கு இறுக்கமான கை நல்லது, அதில்தான் டிசைன் எடுப்பாக நிற்கும். அதே கையோடு உல்லனுக்கு வந்தால் பலகைதான் கிடைக்கும். லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருந்தது என்கிறீர்கள். அது பெரும்பாலும் இரட்டை ஊசிப் பின்னலுக்கான அளவு. கொக்கிக்கு, அதுவும் உடுப்புக்கு, அதைவிட 1 அல்லது 1.5 மி.மீ. கூட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் என் யோசனை: நடுத்தரத் தடிமன் உல்லன், 5.5 மி.மீ. கொக்கி, உடம்பு முழுவதும் ஹாஃப் டபுள் குரோஷே. நூலைக் கொக்கியில் ஒரு சுற்று போட்டு, கண்ணிக்குள் விட்டு இழுத்தால் கொக்கியில் மூன்று வளையம் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி மூன்றிலிருந்தும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, கண்ணிக்குள்ளிருந்து இழுத்த அந்த வளையத்தின் உயரம். அதை மேல் விளிம்புக்குச் சமமாகத் தளர விட்டுத் தூக்கினால் கண்ணி மெத்தென்று நிற்கும். இழுத்த கையோடு கீழே அமுக்கிவிட்டால், கொக்கி எவ்வளவு பெரிதானாலும் துணி இறுகத்தான் செய்யும். டபுள் குரோஷே (தூண் மாதிரி உயரமான கண்ணி) வேகமாக ஓடும், ஆனால் தூண்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் காற்று புகுந்து வெளியேறும். குளிர்கால ஜாக்கெட்டுக்கு ஹாஃப் டபுள்தான் நடுவாந்திரம். ஆங்கிலப் பாட்டர்ன் எதையாவது பார்த்துப் போடுவதானால் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள்.

உல்லன் வாங்கும்போது 'ப்ளை' எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்பது ஒன்று, நூல் எவ்வளவு தடிமன் என்பது வேறு. ஸ்கேலில் நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றிப் பாருங்கள். ஒரு இன்ச்சுக்குள் 9 முதல் 11 சுற்று வந்தால் அது நான் சொல்லும் நடுத்தரத் தடிமன். 100 கிராமில் சுமார் 200 மீட்டர் இருக்கும். பருத்தி வேண்டாம், கனம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு சில்லிடும், தன் எடையிலேயே நீளும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கியும் நனைந்த மாதிரித் தெரியாது. பனி ஈரம் உள்ள ஊருக்கு அதுதான் உயர்ந்தது. ஆனால் உங்கள் அம்மா புடவை கட்டுகிறார். ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே ஜாக்கெட்டின் கை நேராகத் தோலில் உரசும். முரட்டுக் கம்பளி அரிக்கும். மெரினோ மாதிரி மென்மையான கம்பளி, இல்லாவிட்டால் அக்ரிலிக் கலந்த கம்பளி சரியாக இருக்கும். தனி அக்ரிலிக்கும் மோசமில்லை, சூடு பிடிக்கும், துவைப்பது எளிது, பூச்சி அரிக்காது. ஒரே ஒரு விஷயம்: அவர் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காய்பவராக இருந்தால் அக்ரிலிக்கைத் தவிருங்கள். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் பற்றாது, கருகும், உருகாது.

மாதிரித் துண்டு போடாமல் ஜாக்கெட் ஆரம்பிக்கக் கூடாது. இதை அலுப்பாக நினைத்துத் தாண்டிப் போவதால்தான் பாதி ஜாக்கெட்டுகள் வீணாகின்றன. 27 செயின் (தொடக்கச் சங்கிலிக் கண்ணி) போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் ஆரம்பித்து 26 ஹாஃப் டபுள், 20 வரிசை. ஏறக்குறைய 20 செ.மீ. சதுரம் கிடைக்கும். அதை ஜாக்கெட்டை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, இழுக்காமல் தரையில் பரப்பிக் காய வைத்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்திலிருந்து அளந்தால் ஏமாற்றும். 13 கண்ணி, 10 வரிசை வந்தால் கீழே சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தும். அடுத்து, துண்டை மேசை விளிம்பில் பாதி தொங்க விடுங்கள். விளிம்பில் மடிந்து இறங்க வேண்டும். நீட்டிக்கொண்டு நின்றால் 6 மி.மீ. கொக்கிக்குப் போங்கள். மறுபுறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது என்றால் 5 மி.மீ.க்கு இறங்குங்கள். கடைசியாக, துண்டை மேல் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் ஒரு சாவிக்கொத்தை மாட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒரு செ.மீ. நீண்டிருந்தால் ஜாக்கெட்டும் அதே விகிதத்தில் இறங்கும், நீளத்தை அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம்.

இனி அளவு. மார்புச் சுற்றளவு 96 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். லூஸ் ஜாக்கெட்டுக்கு 10 முதல் 15 செ.மீ. கூட்டினால் போதும் என்பது பொதுக் கணக்கு. இங்கே அது போதாது. துணியே அரை செ.மீ. தடிமன் இருந்தால் உள்சுற்றளவில் 3 செ.மீ. அதுவே தின்றுவிடும். கொசுவம், முந்தானை மடிப்பு, உள்ளே ஒரு மெல்லிய ஸ்வெட்டர், இவை சேர்ந்து இன்னும் ஆறேழு செ.மீ. எடுக்கும். அதனால் 24 செ.மீ. லூஸ் விட்டு மொத்தச் சுற்று 120 என்று வைக்கிறேன். போன முறை முன்பக்கம் சேராததற்குக் காரணம் இந்த லூஸ் கணக்குத்தான் என்று தோன்றுகிறது.

பின்பக்கம் 60 செ.மீ. அகலம், அதாவது 60 × 1.3 = 78 கண்ணி. முதலில் கீழ் ஓரத்து ரிப்பை (இழுத்தால் நீண்டு சுருங்கும் வரிப் பட்டை) குறுக்கே போடுங்கள்: 5 மி.மீ. கொக்கியில், 6 செ.மீ. அகலத்துக்கு வேண்டிய அளவு (9 கண்ணி சுமாராகச் சரியாக வரும்) சிங்கிள் குரோஷே, கண்ணியின் மேலே தெரியும் இரண்டு இழைகளில் பின்னால் உள்ளதில் மட்டும் கொக்கியை விட்டு, 78 வரிசை. பிறகு அந்தப் பட்டையைத் திருப்பி நீளவாக்கில் வைத்து, வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் 78 எடுத்து, 5.5 கொக்கியில் ஹாஃப் டபுள் ஆரம்பியுங்கள். 59 வரிசை போனால் ரிப்போடு சேர்த்து 65 செ.மீ. உயரம், இடுப்பைத் தாண்டி இறங்கும். தோளில் 27 கண்ணி, கழுத்துக்கு நடுவில் 24, மறுதோளில் 27. பின்கழுத்தைக் குழிக்க வேண்டாம், நேராகவே விடலாம்.

முன்பக்கம் இரண்டும் 30 செ.மீ. இல்லை, 28. பட்டன் பட்டி 4 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏறும் என்பதால் 28 + 28 + 4 = 60. இதைக் கழிக்காமல் பாதிப் பாதி போடுகிறவர்களுக்கு முன்பக்கம் தொளதொளவென்று தொங்கும். ஆக ஒவ்வொன்றும் 36 கண்ணி, ரிப் 36 வரிசை. கழுத்துக்கு 'வி' வடிவம் வையுங்கள், முந்தானை தோளில் மடிந்து நிற்க இடம் கிடைக்கும். 41 வரிசை நேராகப் போட்டு, மிச்சம் 18 வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை கழுத்துப் பக்கம் ஒரு கண்ணி குறைத்தால் 9 குறைந்து தோளுக்கு 27 நிற்கும். பின்பக்கத்துத் தோளோடு கண்ணிக்குக் கண்ணி பொருந்தும். இங்கே டேப்பால் அளக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள். மூன்று துண்டிலும் 59 வரிசை இருந்தால் பக்கத் தையல் தானாகச் சேரும். டேப் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கணக்குச் சொல்லும்.

ஓரத்தில் கண்ணி காணாமல் போவது எல்லாருக்கும் நடப்பது. 78ல் ஆரம்பித்தது நாற்பதாவது வரிசையில் 71 ஆகி, துண்டு சரிந்த கூரை மாதிரி நிற்கும். திருப்பும்போது போடும் செயினை ஒரு வரிசையில் கண்ணியாக எண்ணி அடுத்த வரிசையில் எண்ணாமல் விடுவதுதான் காரணம். ஒரு செயின் மட்டும் போட்டுத் திரும்புங்கள், அதை எண்ணவே எண்ணாதீர்கள், அதன் அடியிலுள்ள முதல் கண்ணியிலேயே முதல் ஹாஃப் டபுளைப் போடுங்கள். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டையோ சேஃப்டி பின்னையோ மாட்டி வரிசைக்கு வரிசை மேலே ஏற்றிக்கொண்டே வந்தால் தப்பே நடக்காது.

தோள்களை ஸ்லிப் ஸ்டிச்சால் (கண்ணிக்குள் இழுத்த நூலைக் கொக்கியில் உள்ள வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுக்கும் தட்டைக் கண்ணி) மூட்டுங்கள், அப்படியே நூலை அறுக்காமல் பின்கழுத்து முழுக்க ஒரு ஸ்லிப் ஸ்டிச் வரிசை ஓட்டுங்கள். ஜாக்கெட்டின் முழு எடையும் தொங்குவது இந்த ஒரு கோட்டில்தான். இது நீளாத கோடாக இருந்தால் தோள் முழங்கைக்கு இறங்காது. துண்டு துண்டாகப் போட்டு மூட்டச் சொல்வதும் இதற்குத்தான். தையலே இல்லாமல் மேலிருந்து சுற்றிச் சுற்றிப் போடும் முறை அழகானது, ஆனால் இவ்வளவு எடைக்கு உள்ளே ஒரு எலும்பு வேண்டும்.

கைதான் உங்கள் பழைய ஜாக்கெட்டில் அதிகம் தவறிய இடம். ஜாக்கெட்டின் உடம்புப் பகுதி அகலமாக இருப்பதால் அதன் தோள் விளிம்பு அணிபவரின் தோளைத் தாண்டிப் புஜத்தில் இறங்கி நிற்கிறது. அந்த இறக்கத்தைக் கழிக்காமல் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து கை போட்டால் அது விரலைத் தாண்டத்தான் செய்யும். சரியான அளவு, பின்கழுத்தின் நடு எலும்பிலிருந்து தோள் வழியாக, முழங்கையைச் சற்று மடக்கி, மணிக்கட்டு வரை. அது 74 செ.மீ. என்றால் பின்பக்க அகலத்தில் பாதி 30 போக, கைக்கு 44. அதில் ரிப் 6, மிச்சம் 38 செ.மீ., அதாவது 38 வரிசை. அம்மாவை அளந்துவிட்டு 74 இடத்தில் அவர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையைத் தனியாகப் போட்டுத் தைப்பதைவிட, உடம்பிலிருந்தே எடுத்து மணிக்கட்டை நோக்கி இறக்குவது நல்லது, நடுவில் போட்டுப் பார்த்து நீளத்தைச் சரி செய்யலாம். தோள் மூட்டிலிருந்து முன்னும் பின்னும் 23 வரிசை எண்ணி அடையாளம் வையுங்கள். அந்த 46 வரிசையின் ஓரத்தில் மூன்று வரிசைக்கு நாலு கண்ணி வீதம் எடுத்தால் 61 வரும், ஒன்றை விட்டு 60 ஆக்குங்கள். வட்டமாகச் சுற்றாமல் உடம்பைப் போலவே திருப்பித் திருப்பிப் போடுங்கள், அப்போதுதான் பின்னல் ஒரே மாதிரித் தெரியும். மணிக்கட்டில் 32 கண்ணி நிற்க வேண்டும், ஆக 28 குறைய வேண்டும், இரு ஓரமும் சேர்த்து 14 தடவை. இரண்டு வரிசை சும்மா போட்டு மூன்றாவதில் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று குறையுங்கள், பிறகு ஒன்று சும்மா, அடுத்ததில் குறையுங்கள். இந்த ஐந்து வரிசையை ஏழு தடவை செய்தால் 35 வரிசை, 14 குறைப்பு. மிச்சம் மூன்று வரிசை நேராகப் போட்டு, 20 செ.மீ. சுற்று வரும்படி ரிப் வையுங்கள். பிறகு கையின் அடியும் உடம்பின் பக்கமும் ஒரே ஓட்டமாக மூட்டிவிடலாம்.

பட்டன் பட்டி 5 மி.மீ. கொக்கியில் சிங்கிள் குரோஷே, ஒரு முன்பக்கத்தின் அடியில் ஆரம்பித்துக் கழுத்தைச் சுற்றி மறுபக்க அடி வரை ஒரே பட்டியாக. இதிலும் மூன்று வரிசைக்கு நாலு கண்ணிதான் விகிதம். அதிகம் எடுத்தால் ஓரம் அலை அலையாக எழும்பும், குறைவாக எடுத்தால் முன்பக்கம் சுருங்கி மேலே ஏறும். இரண்டில் எது நடந்தாலும் முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும், உடனே பிரித்துவிடுங்கள், துவைத்தால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். ஆறு வரிசையில் 4 செ.மீ. வரும். மூன்றாவது வரிசையில், பெண்களுக்கானது என்பதால் அணிபவரின் வலப்பக்கத்தில், இரண்டு செயின் போட்டு இரண்டு கண்ணி தாண்டினால் பட்டன் ஓட்டை. ஐந்து பட்டன் போதும். பட்டனை ஜாக்கெட் முடிந்த பிறகு, ஓட்டையில் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். பட்டிக்கு உட்புறம் ஒரு சின்னப் பட்டனை வைத்துச் சேர்த்துத் தைத்தால் உல்லன் பிய்ந்து வராது.

உல்லன் கணக்குக்கு வருகிறேன். பல இடங்களில் எண்ணை மட்டும் சொல்லிவிடுவார்கள், அது அவரவர் கை இறுக்கத்துக்கு மாறும். உங்கள் மாதிரித் துண்டை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 20 செ.மீ. சதுரம், அதாவது 400 சதுர செ.மீ., 19 கிராம் என்று வைப்போம். பின்பக்கம் 60 × 59, முன்பக்கம் இரண்டும் 56 × 59, கை இரண்டும் சராசரி 35 அகலத்தில் 38 நீளம்: மொத்தம் சுமார் 9,500 சதுர செ.மீ. 400ஆல் வகுத்து 19ஆல் பெருக்கினால் 450 கிராம். ரிப், பட்டி, வேண்டுமானால் வைக்கும் பாக்கெட், தையலுக்கு 30 சதவீதம் சேர்த்து 585. பாதுகாப்புக்கு 700 கிராம் வையுங்கள். லேபிளில் லாட் எண் (ஒரே தடவை சாயம் போட்ட தொகுதியின் எண்) எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை உருண்டை மாற்றி மாற்றிப் போடுங்கள், நிற வித்தியாசம் கோடாக விழாமல் கலந்துவிடும். துண்டில் 13க்குப் பதில் 14 கண்ணி வந்தால் எல்லா அகலத்தின் செ.மீ. எண்ணையும் 1.3க்குப் பதில் 1.4ஆல் பெருக்குங்கள், பின்பக்கம் 84 ஆகும். பெருக்காமல் 78ஐயே போட்டால் சுற்றளவில் 9 செ.மீ. போய்விடும், விட்ட லூஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இந்த ஜாக்கெட்டால் முடியாததையும் சொல்ல வேண்டும். காற்றை இது தடுக்காது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல் மேல் உறைபனி விழும் அளவுக்கு இறங்கும் குளிரில், வீட்டுக்குள் தாராளமாகப் போதும். விடிகாலையில் வெளியே போனால் மேலே ஒரு சால்வையோ காற்றுப் புகாத மெல்லிய கோட்டோ வேண்டும். உள்ளே ஃப்ளானல் லைனிங் கொடுத்தால் நன்றாகத் தாங்கும், உடம்புக்கு மட்டும் கொடுங்கள், கைக்கு வேண்டாம். பின்னல் நீளும், துணி நீளாது, அதனால் லைனிங்கின் பின்பக்க நடுவில் 3 செ.மீ. மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை முன்னே நீட்டும்போது தையல் பிடித்து இழுக்கும். டொராண்டோ மாதிரி பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி போகும் ஊருக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கோட்டுக்கு உள்ளே போடும் உடுப்பாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

துவைக்கும்போது கம்பளிக்கு 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், கசக்க வேண்டாம். சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும், மீட்கவே முடியாது. எதுவானாலும் பிழியாமல் குளியல் துண்டில் சுருட்டி அமுக்கி, பரப்பிக் காய வையுங்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் அதன் துள்ளல் ஒரேயடியாகச் செத்துவிடும். ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள்.

பழையதைப் பிரிக்கலாமா என்றால், தாராளமாகப் பிரிக்கலாம். அந்த 950 கிராமுக்குள் புது ஜாக்கெட்டுக்கு வேண்டிய 700 இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டியதே இல்லை. முதலில் மூட்டுத் தையல்களை மட்டும் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் முடித்த முனையிலிருந்து உருவுங்கள். வரும் நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள். அக்ரிலிக்கில் சுருள் முழுக்கப் போகாது, ஹாஃப் டபுளில் அது வெளியே தெரியவும் செய்யாது. மாதிரித் துண்டை மட்டும் இந்தப் பிரித்த நூலிலேயே போடுங்கள், புது உருண்டையில் போட்ட கணக்கு இதற்கு ஒத்துவராது. முழங்கையிலும் மணிக்கட்டிலும் உரசிப் பிசிறு எழும்பிய பகுதி நூலைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாக்கெட்டின் உட்புறத்துக்கு அது போதும்.